டவர் பதில் சொல்லாதபோது

எங்கள் வீட்டில் ஒரு விமானம் இருந்தது. மூன்றாவது மாடி, படுக்கையறை, பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில். சாப்பாட்டு மேஜையிலிருந்து கடத்தி வந்த ஒரு நாற்காலி. அதற்கு எதிரே சுவரில், பயிற்சி விமானத்தின் முன்பலகையை நிஜ அளவில் அச்சடித்த ஒரு போஸ்டர். பிடித்துத் திருப்புவதற்கு எவர்சில்வர் தட்டு. இன்ஜினுக்கு வேகம் கொடுக்கும் குமிழுக்குப் பதிலாக, காற்றடிக்கிற சைக்கிள் பம்ப். தலைக்கு மேலே கொடியில் அப்பாவின் பனியன்கள் மேகம் மாதிரி தொங்கும்.

விமானி என் அக்கா. டவர் நான்.

விளையாட்டு இல்லை, விமானப் பள்ளியில் படிக்கிற எல்லோரும் செய்கிற வேலைதான் இது. நிஜ விமானத்தில் உட்காரக் கிடைக்கும் நேரம் கொஞ்சம். அதனால் வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கிளம்புவதிலிருந்து இறங்குவது வரை ஒன்று விடாமல் நடித்துப் பார்க்க வேண்டும். இந்த சுவிட்சைத் தொடு, அந்த முள்ளைப் பார், வாயால் சொல், கையால் செய். தலை மறந்தாலும் கை மறக்கக் கூடாது என்பது அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தவரின் கட்டளை. அக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அவள் எதையுமே பாதியாகச் செய்யத் தெரியாதவள்.

டவர் வேலைக்கு வேறு யாரும் விண்ணப்பிக்காததால் எனக்குக் கிடைத்தது. நானும் பள்ளிக்கூடமும் பத்தாம் வகுப்போடு மனமொத்துப் பிரிந்துவிட்டோம். பகலில் ஒரு கடையில் உடைந்த மொபைல்களுக்குக் கண்ணாடி மாற்றுகிறேன். சாயங்காலம் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து விமானங்களை இறக்குவேன்.

தரையிலிருந்து ரேடியோவில் அனுமதி கொடுக்கிற டவர் சொல்வதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். காதில் சரியாக விழுந்ததா என்று தெரிந்துகொள்ள அப்படி ஒரு விதி. என் மாதிரி ஆளுக்கு இது லட்டு மாதிரி ஒரு விதி.

"கொஞ்சம் பொறுங்க. ரன்வேல ஆடு படுத்திருக்கு. எழுந்திருக்கச் சொல்லிப் பேசிக்கிட்டிருக்கோம்."

"ஆடு படுத்திருக்கு. பேசிக்கிட்டிருக்கீங்க. பொறுத்திருக்கேன்."

"ஆடு உங்க லைசென்ஸைக் கேக்குது."

"ஆடு லைசென்ஸ் கேக்குது..." இதற்கு மேல் அக்காவால் முடியாது. மூக்கு வழியாக ஒரு சிரிப்பு வரும். வாய் விட்டுச் சிரித்தால் விமானி மரியாதை போய்விடும் என்று அடக்கி, அது வேறு வழி தேடி வெளியே வருகிற சிரிப்பு. அதற்குப் பிறகு தட்டாலேயே என் தலையில் ஒன்று வைப்பாள். அந்த மூக்குச் சிரிப்புக்காகத்தான் நான் தினமும் கடையில் உட்கார்ந்து புதுப்புது ஆடு தயார் செய்வேன்.

ஒருநாள் வேறு மாதிரி செய்து பார்த்தேன். அவள் இறங்க அனுமதி கேட்டபோது பதிலே சொல்லவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன், ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்தேன், திரும்பி வந்தேன். அக்கா தட்டை ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் மேலயா இருக்கே? இறங்கித் தொலைக்க வேண்டியதுதானே!"

"டவர் பதில் சொல்லலைன்னா கோவிச்சுக்கிட்டு இறங்கிட முடியுமா? வட்டமடிக்கணும். அங்க இருக்கறவங்களுக்கு என்ன பிரச்சனையோ. அவங்க திரும்பி வர்ற வரைக்கும் மேலயே இருக்கணும்."

"பெட்ரோல் தீர்ந்துட்டா?"

"தீர்றதுக்குள்ள வந்துருவாங்க. நீ முதல்ல வேலையைப் பாருடி, வாலு."

அக்கா சின்ன வயதிலேயே வானத்தை அண்ணாந்து பார்த்துக் கனவு கண்டவள் என்றெல்லாம் கதை விட மாட்டேன். படிப்பு முடிந்ததும் அவள் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலைக்குப் போனாள். ஒட்டிய பெட்டி ரப்பர் பட்டையில் ஏறி, தொங்கும் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். "எல்லாப் பெட்டியும் எங்கயோ போகுதுடி, நான் மட்டும் அங்கயே நிக்கறேன்" என்று ஒருநாள் சொன்னாள். பெட்டிகளைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரே மனுஷி அவளாகத்தான் இருக்கும். அதன் பிறகு இரண்டு வருடம் வேலைக்கும் போய்க்கொண்டு பரீட்சைக்கும் படித்தாள். உதவித்தொகையோடு விமானப் பள்ளியில் இடம் கிடைத்த அன்று, அம்மா அழுதாள். அப்பா மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஏம்மா, அதுல ரிவர்ஸ் கியர் உண்டா?"

அப்பா பஸ் ஓட்டுகிறார். அவருக்கு உலகத்தில் இரண்டே வகை வண்டிதான், பின்னால் எடுக்க முடிந்தது, முடியாதது. பின்னால் எடுக்க முடியாத வண்டியில் பெண்ணை ஏற்றுவதில் அவருக்குச் சம்மதம் இல்லை. ஆனால் அவருடைய பஸ் விமானப் பள்ளியின் வேலியை ஒட்டித்தான் கடைசி நிறுத்தத்துக்குப் போகும். அக்கா சேர்ந்த நாளிலிருந்து வேலியருகே வந்ததும் இரண்டு ஹாரன் அடிப்பார். பஸ்ஸில் தூங்குகிறவர்கள் எல்லாம் எழுந்து திட்டுவார்கள். அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

அம்மா சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். அங்கே எத்தனை துணி தேய்த்துவிட்டு வந்தாலும், அக்காவின் வெள்ளைச் சட்டையை வீட்டில்தான் தேய்ப்பாள். அதற்குத் தனி மடிப்பு.

முதல்முறை தனியாகப் பறக்கிற நாளை அங்கே மறக்க முடியாத நாளாக்கிவிடுவார்கள். சொல்லிக்கொடுக்கிறவர் திடீரென்று விமானத்தை விட்டு இறங்கி, "நீங்களே போய்ட்டு வாங்க" என்பார். ஒரு சுற்று பறந்துவிட்டு ஒழுங்காக இறங்கினால், மற்ற மாணவர்கள் வாளி வாளியாகத் தண்ணீரைத் தலையில் கொட்டுவார்கள். அக்காவின் முறை எப்போது வரும் என்று சூயிங்கம் சார் எங்களுக்கு முன்கூட்டியே ரகசியமாகச் சொல்லியிருந்தார். அக்காவுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்தான் சூயிங்கம் சார். அக்காவை விட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். ஓயாமல் மெல்லுவதால் நான் வைத்த பெயர்.

வேலிக்கு வெளியே நாங்கள் மூவரும் நின்றோம். அப்பா பஸ்ஸைக் கடைசி நிறுத்தத்தில் விட்டுவிட்டு யூனிஃபார்மோடு ஓடி வந்திருந்தார். விமானம் கிளம்பியதும் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"மேல போயிட்டாளா?"

"போயிட்டாம்மா."

"இப்ப எங்க?"

"தண்ணித் தொட்டிக்கு மேல திரும்புறா. ஒரு கையை வெளிய நீட்டி டாட்டா காட்டுறா."

"ஐயோ, கையை உள்ள வெக்கச் சொல்லுடி!"

விமானத்தின் சக்கரம் தரையில் பட்டு, ஒருமுறை குதித்து, பிறகு உருண்டது. அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "பிரேக்கை இன்னும் கொஞ்சம் முன்னாடியே புடிச்சிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது. எங்களையும் உள்ளே விட்டார்கள்; மூன்றாவது வாளி என்னுடையது. அதில் மட்டும் சோப்புத்தூள் கலந்திருந்தது. அக்கா நுரையோடு என்னைத் துரத்தினாள்.

அந்த நாளில் நிறுத்திக்கொண்டால் இது நல்ல கதை.

அதற்குப் பிறகு சில வாரங்களில் அக்கா இன்னொரு பெரிய பயணத்துக்குத் தயாரானாள். தனியாகவே வேறொரு ஊர் விமான நிலையம் வரை போய், அங்கே இறங்கி, திரும்பி வர வேண்டும். அதை முடித்தால் லைசென்ஸ் பரீட்சை. நாற்காலியில் அவள் ஒத்திகை பார்க்கும் நேரம் நீண்டது. எனக்கு ஆடு தட்டுப்பாடு வந்தது.

ஒரு சாயங்காலம் அவள் எரிபொருள் பம்ப் சுவிட்சுக்குக் கை கொண்டுபோனபோது, "ரன்வேல கல்யாண ஊர்வலம் போகுது, மாப்பிள்ளைக்கு வழி விடுங்க" என்றேன். நல்ல சரக்கு. காலையிலிருந்து பொத்திப் பொத்தி வைத்திருந்தது. அக்கா சிரிக்கவில்லை. திருப்பிச் சொல்லவுமில்லை. விரல் மட்டும் போஸ்டரில் அந்த சுவிட்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தது, மேலே, கீழே, மேலே, கீழே.

பழிக்குப் பழி வாங்குகிறாள், டவருக்கே பதில் சொல்லாமல் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்து அவள் முகத்துக்கு நேரே நாக்கை நீட்டினேன். கண் திறந்திருந்தது. என் மேல்தான் இருந்தது. ஆனால் அதற்குள் ஆள் இல்லை. விளக்கு எரிகிற வீட்டில் கதவைத் தட்டினால் யாரும் வராத மாதிரி.

அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல அடுத்த சுவிட்சுக்குப் போனாள்.

"அக்கா, மாப்பிள்ளை என்ன ஆனான்?"

"எந்த மாப்பிள்ளை?"

இரண்டு நாள் கழித்து மறுபடி. அன்று நான் கிண்டல் செய்யவில்லை. போஸ்டரை அருகே போய்ப் பார்த்தேன். அதில் எல்லா சுவிட்சும் புதுசாக இருந்தது. எரிபொருள் பம்ப் சுவிட்ச் மட்டும் மை போய், வெள்ளையாகத் தேய்ந்திருந்தது.

அக்காவிடம் சொன்னேன். "தூக்கம் போதலடி" என்றாள். பிறகு, "நீ சொன்ன கடி ஜோக்குக்கு வேற எப்படி இருக்கறது?" என்றாள். வேறு நாளாக இருந்தால் நான் ரோஷப்பட்டிருப்பேன். அடுத்த முறை அப்படி ஆனபோது மொபைலில் படம் பிடித்து, அவள் கையில் கொடுத்தேன்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தாள். திரும்பவும் போட்டுப் பார்த்தாள். சத்தம் வேண்டாம் என்று குறைத்துவிட்டுப் பார்த்தாள். யாரோ முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல இருந்தது அவள் பார்வை.

"இதை யாருகிட்டயாவது காட்டினியா?"

"இல்லை."

"காட்டாதே. அந்த ஊருக்குப் போய்ட்டு வந்துடறேன். பரீட்சை முடிச்சுடறேன். அப்புறம் டாக்டர்கிட்ட போலாம்."

"மேல இருக்கறப்ப வந்தா?"

"வராது."

"எப்படித் தெரியும்?"

"வராதுடி!" என்று கத்தினாள். அடுக்களையிலிருந்து அம்மா, "என்னடி சண்டை அங்க?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா, என் சட்டையைப் போட்டுக்கிட்டா" என்று அக்காவே சொன்னாள். என்னை விட நன்றாகப் பொய் சொன்னாள்.

வெளியூர்ப் பயணத்துக்குக் குறித்த காலை வந்தது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். நானும் வருகிறேன் என்று பின்னாலேயே இறங்கினேன். வேண்டாம் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். கீழே வந்ததும் ஸ்கூட்டர் சாவியை என்னிடம் நீட்டினாள்.

"நீ ஓட்டு."

தன் ஸ்கூட்டரை அவள் எனக்கு ஒருநாளும் கொடுத்ததில்லை. நான் கெஞ்சியிருக்கிறேன், திருடியிருக்கிறேன். அன்று தானாகக் கொடுத்தாள். வழியெல்லாம் அவள் கை என் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தது. சிக்னலில் நின்றபோது என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு பேசினாள்.

"முதல்தடவை தனியாப் போனேனே."

"ம்."

"தண்ணித் தொட்டிக்கு மேல திரும்பினது எனக்கு ஞாபகமே இல்லடி. கிளம்பினது இருக்கு. இறங்கினது இருக்கு. நடுவுல அது இல்லை. சந்தோஷத்துல மறந்துட்டேன்னு நினைச்சேன்."

பச்சை விழுந்தது. பின்னாலிருந்து எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். எனக்குக் கிளப்பவே வரவில்லை.

விமானப் பள்ளி என்பது ஒரு தகரக் கொட்டகை, கண்டெய்னரில் ஒரு ஆபீஸ், காற்றுத் திசை காட்டும் துணிக்குழாய் ஒன்று. நான் ஆபீசை ஒட்டிய வேலியருகே நின்றேன். அக்கா நேராக ஆபீசுக்குப் போவாள் என்று பார்த்தால், விமானத்துக்குப் போனாள். வழக்கமாகச் செய்வதுபோல அதைச் சுற்றி வந்தாள். இறக்கையின் விளிம்பைத் தடவினாள். சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள். இறக்கையின் அடியிலிருந்து கொஞ்சம் எரிபொருளைச் சின்னக் குழாயில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

போகப்போகிறாள் என்று நினைத்தேன். கத்தலாமா, வேலி ஏறலாமா, யாரிடம் ஓடலாம்? ஒன்றும் ஓடவில்லை. ஊரையே ஏமாற்றத் தெரிந்த எனக்கு ஒருத்தியை நிறுத்தத் தெரியவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவள் கை ஒவ்வொரு சுவிட்சாகப் போவது தெரிந்தது. கடைசி சுவிட்ச் வரைக்கும் போனது. விமானத்தின் மூக்கிலிருந்த காற்றாடி சுற்றவில்லை.

கதவு திறந்தது. அக்கா விமானச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். சூயிங்கம் சார் ஆபீஸ் வாசலில் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தார்.

"என்னாச்சு? வண்டில ஏதாவது கோளாறா?"

"வண்டி நல்லா இருக்கு சார். கோளாறு எனக்குத்தான். என்னைப் பறக்க விடாதீங்க."

தன் மொபைலுக்கு மாற்றி வைத்திருந்த அந்தப் படத்தைக் காட்டினாள். அவர் பார்த்தார். மெல்லுவது நின்றது. நான் அவரைப் பார்த்த நாளிலிருந்து அந்தத் தாடை ஓய்ந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்" என்றார். "ரேடியோல கூப்பிடறப்ப ரெண்டு மூணு தடவை நீங்க பதில் சொல்லலை. நான்தான் உங்களுக்குப் பதிலா சொன்னேன். கை பாட்டுக்குப் போய்க்கிட்டிருந்துச்சு. ஓட்டறதுல அவ்வளவு கவனமா இருக்கீங்கன்னு நினைச்சேன்."

"அதுக்குத்தான் சார் என்னை எல்லார் முன்னாடியும் பாராட்டினீங்க."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை. சாவியை அவர் கையில் வைத்து, அவர் விரல்களை மடக்கிவிட்டாள். "அடுத்த பையன்கிட்ட சொல்லுங்க சார், எல்லாம் செக் பண்ணியாச்சு. டாங்க்ல தண்ணி இல்லை."

வேலியை ஒட்டி ஒரு பஸ் போனது. இரண்டு ஹாரன் கேட்டது.

டாக்டர் அக்காவின் தலையில் கம்பிகள் ஒட்டிப் பார்த்தார். இது ஒருவகை வலிப்பு, கைகால் உதறாது, சில நொடி மின்வெட்டு மாதிரி, வந்ததும் தெரியாது போனதும் தெரியாது என்றார். மாத்திரை கொடுத்தார். பறக்கலாமா என்று அக்கா கேட்டாள். மாத்திரையே இல்லாமல் பல வருடம் ஒருமுறைகூட வராமலிருந்தால் யோசிப்பார்கள் என்றார். இல்லை என்பதை எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார்கள், பாருங்கள்.

வீட்டில் அம்மாவிடம் சொல்கிற வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். அவர் என்ன சொன்னாரோ தெரியாது, அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார். வெளியே வந்து அக்காவின் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"எங்க டிப்போல ஒருத்தனுக்கு இப்படித்தான் வந்துச்சு. அவன் மறைச்சுட்டான், கண்ணு." அதற்கு மேல் அந்தக் கதையைச் சொல்லவில்லை. "நீ இறங்கினே. பெரிய விஷயம்."

"ஏறவே கூடாதுன்னு சொன்னீங்களேப்பா. உங்களுக்கு சந்தோஷம்தானே?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். அப்பா எழுந்து முகம் கழுவப் போனார். குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாளிலிருந்து அவர் அந்த வேலியருகே ஹாரன் அடிப்பதில்லை. நானே ஒருநாள் அந்த பஸ்ஸில் ஏறிப் பார்த்தேன். வேலி வந்ததும் அவர் கை ஹாரன் வரை போனது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஸ்டியரிங்குக்குத் திரும்பியது.

அக்கா இப்போது ஒரு கம்பெனியில் போனில் பதில் சொல்கிறாள். வாஷிங்மெஷின் ஓடவில்லை, தண்ணீர் இறங்கவில்லை என்று எங்கிருந்தோ யாரோ கூப்பிடுவார்கள். விமானத்தில் காதில் மாட்டிய அதே மாதிரி ஹெட்செட். எதிராளி சொல்வதை ஒருமுறை அப்படியே திருப்பிச் சொல்கிற பழக்கம் அவளுக்கு இருப்பதால் அங்கே நல்ல பெயர். மாத்திரை பாதி வேலைதான் செய்கிறது. மீதிப் பாதி எப்போதாவது வருகிறது. அம்மா ஞாயிறுதோறும் அந்த வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மறுபடி பீரோவில் வைக்கிறாள். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நாற்காலி சாப்பாட்டு மேஜைக்குப் போய்விட்டது. போஸ்டரை மட்டும் கிழிக்க வேண்டாம் என்றாள் அக்கா.

போன வாரம் ஒரு சாயங்காலம், அக்கா வேலை முடிந்து வந்து கை கால் கழுவினாள். அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பழைய இடத்தில் போட்டாள். எவர்சில்வர் தட்டை என் கையில் திணித்தாள்.

"உக்காரு. இன்னைக்கு நீ ஓட்டு. நான் டவர்."

"எனக்கு ஒரு எழவும் தெரியாதுக்கா."

"தினமும் பாத்தியே. கழுதை பாத்திருந்தாக்கூட இந்நேரம் லைசென்ஸ் வாங்கியிருக்கும்."

உட்கார்ந்தேன். அக்கா கட்டிலில் என் இடத்தில் சம்மணம் போட்டாள். அவள் சொல்லச்சொல்ல சுவிட்சுகளைத் தொட்டேன். பம்பை அமுக்கினேன், புஸ் என்றது. பனியன்களுக்குள் ஏறினேன். ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இறங்க அனுமதி கேட்டேன்.

"பொறுங்க" என்றது டவர். "ரன்வேல ஆடு நிக்குது."

"ஆடு நிக்குது. பொறுத்திருக்கேன்."

"ஆடு உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொல்லுது. அன்னைக்கு வாளில சோப்புத்தூள் போட்டது..."

அப்புறம் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தேன். அக்காவின் விரல் போர்வையின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது, மேலே, கீழே. கண் என் மேல் இருந்தது.

முன்பெல்லாம் நான் எழுந்து ஓடி உலுக்குவேன், அக்கா அக்கா என்று கத்துவேன். டாக்டர் அதெல்லாம் வேண்டாம், விழாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றிருக்கிறார். கட்டில் தாழ்வுதான், பின்னால் சுவர் இருக்கிறது. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. தட்டை ஒருபக்கமாகச் சாய்த்தேன். வட்டமடித்தேன். கீழே தண்ணித் தொட்டி, வேலி, அப்பாவின் பஸ், கண்ணை மூடிக்கொண்டிருக்கிற அம்மா. கை வலித்தது. விடவில்லை.

விரல் நின்றது. அக்கா கண்ணைச் சிமிட்டினாள். என்னைப் பார்த்தாள். நான் பிடித்திருந்த தட்டின் சாய்வைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ரொம்ப நேரமா?"

"இல்லை. பெட்ரோல் இருக்கு."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எங்க விட்டேன்?"

"ரன்வேல ஆடு நிக்குது."

"ஆட்டை ஓட்டியாச்சு" என்றாள் அக்கா. "நீ இறங்கு."

"ஆட்டை ஓட்டியாச்சு" என்று திருப்பிச் சொன்னேன். "இறங்கறேன்."